மூளைக்கட்டித் துண்டொன்றின் பயணம்

காலையில் எழும்பும்போதே தலையிடி, சத்தி. பிறகொரு நாள் வலிப்பு. யாழ் குடாநாட்டில் ஒருவருக்கு இப்படி வந்து, ஸ்கானில் மூளைக்கட்டி தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். சத்திரசிகிச்சையில் வெட்டியெடுக்கும், சில மில்லிமீற்றரே உள்ள துண்டுதான் நோயின் பெயரைச் சொல்லவேண்டும்.

துண்டு முதலில் போமலின் போத்தலுக்குள் போகிறது. பிறகு நீரகற்றி மெழுகில் பதிக்கிறார்கள், அதுதான் 'புளொக்'. அதை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றி, நோயியல் நிபுணர் நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார். கிளியோபிளாஸ்டோமா என்று அறிக்கை வந்தால், அது மூளைக்கட்டிகளில் மிகக் கொடியவற்றுள் ஒன்று. கதிர்ச்சிகிச்சையோடு டெமொசொலொமைட் மருந்தும் சேர்ந்தபோது இடைநிலை ஆயுட்காலம் (பாதிப்பேர் உயிரோடிருந்த காலம்) 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாக உயர்ந்ததை 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவ்வளவே.

ஏன் அவ்வளவே? விடை துண்டுக்குள் இருக்கிறது. எந்த மரபணு வேலை செய்கிறது என்பதைக் கலத்திலுள்ள ஆர்.என்.ஏ. காட்டும். பெங்களூரில் இந்திய அறிவியல் நிறுவனத்தின் குமரவேல் சோமசுந்தரமும் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் வாணி சந்தோஷும் தங்கள் குழுக்களோடு இந்த மரபணு வெளிப்பாட்டை அளந்து, நோயின் போக்கை முன்கூட்டிச் சொல்லும் மரபணுத் தொகுதிகளைத் தேடினார்கள்.

ஆனால் துண்டை எந்த இடத்தில் எடுத்தோம் என்பதே முடிவை மாற்றும். 2013-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 11 நோயாளரின் கட்டிகளில் பல இடங்களிலிருந்து துண்டெடுத்தார்கள். மரபணு வெளிப்பாட்டின்படி ஒரே கட்டியின் துண்டுகள் வெவ்வேறு வகையைச் சேர்ந்திருந்தன. 2014-இல் பொஸ்டனில் அனூப் பட்டேலும் சகாக்களும் துண்டைத் தனித்தனிக் கலமாகப் பிரித்தார்கள். ஐந்து கட்டிகள், 430 கலங்கள்: ஒவ்வொரு கட்டிக்குள்ளும் பல வகைக் கலங்கள் கலந்திருந்தன.

ஒரே பாளையில் வடியும் நீர், முட்டியில் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள். கலங்களும் சூழலுக்கேற்ப மாறுகின்றன. கட்டியின் நடுவில் ஒட்சிசன் குறைந்த இடத்தில், புதிய குருதிக்குழாய்களை வரவழைக்கும் மரபணுக்கள் முடுக்கிவிடப்படுகின்றன. விளிம்பிலுள்ளவை நல்ல மூளைக்குள் ஊடுருவுகின்றன. கலங்கள் நான்கு நிலைகளில் இருப்பதையும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதையும் 2019-இல் வந்த ஆய்வு காட்டியது. ஒருவகைக் கலத்தை மருந்து அழிக்க, தப்பியது வளர்கிறது. மரபணு வேறுபாட்டோடு இந்த நிலைமாற்றமும் கட்டி திரும்பி வருவதற்கு ஒரு பெரிய காரணம்.

இந்தப் பயணத்துக்கு எங்கள் துண்டு தயாரா? போமலின் ஆர்.என்.ஏ.யைச் சிதைக்கிறது. முழுமையாகப் படிக்க, எடுத்தவுடனே ஒரு பகுதியை மறை 80 பாகை செல்சியசில் உறையவைக்க வேண்டும். அத்தகைய வசதியை இங்கே நினைக்கவும் முடியாத காலம் இருந்தது: போரில், குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2006 ஆகஸ்டில் மூடப்பட்டபோது நோயாளரே கப்பலையும் விமானத்தையும் நம்பித்தான் கொழும்புக்குப் போனார்கள். ஆனாலும் போர் முடிந்தபின், நாட்டின் தெற்கிலுள்ள தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கிலுள்ள பருத்தித்துறை வரை 2011-இல் நடந்தவர்கள் திரட்டிய நிதி, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழ உதவியது. நினைத்தால் முடியும் என்பதற்கு அது சான்று.

அடுத்த தேவை ஓர் இழைய வங்கி. 1978-இல் தொடங்கிய யாழ் பல்கலைக்கழக மருத்துவபீடமும் போதனா வைத்தியசாலையும் சேர்ந்தால் அதை அமைக்கலாம். நோயாளியின் சம்மதத்தோடு, பாதுகாப்பாக எடுக்கக்கூடிய அளவில், நடுவிலும் விளிம்பிலும் எடுத்த துண்டுகளை இடம் குறித்துப் பாதுகாக்கவேண்டும். குடும்பத்தாருக்கும் ஒரு சொல்: பயோப்சி அறிக்கையைத் தொலைத்துவிடாதீர்கள், புளொக் எந்த ஆய்வுகூடத்தில் இருக்கிறது என்று கேட்டு எழுதிவையுங்கள். கட்டி திரும்பினால், பழையதையும் புதியதையும் ஒப்பிட வைத்தியருக்கு அது வேண்டும்.