விசைப்பலகை ஆளிகளின் வளர்ச்சியும் அலுவலக உழைப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் ஏடு, எழுத்தாணி, அச்சுக்கூடம் என்பன குறித்து விரிவாகப் பேசுவர். ஆயினும், கடந்த நூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகின் அலுவலகங்களிலே எழுத்தை நாள்தோறும் உற்பத்தி செய்துவந்த எழுதுவினைஞர்களின் விரல் நுனிக்குக் கீழே என்ன இருந்தது என்ற வினா நமது ஆய்வுலகில் அநேகமாக எழுப்பப்படுவதில்லை. கணினி விசைப்பலகையின் ஒவ்வொரு விசைக்கும் அடியில் அமைந்துள்ள ஆளி, அதாவது சுவிச்சு, சிறியதொரு பொருளே. எனினும், 1960களுக்கும் 1990களுக்கும் இடையில் அது பெற்ற வடிவங்களும், ஒரு வடிவம் மறைந்து பிறிதொன்று அதனிடத்தைப் பிடித்த முறையும் அலுவலக உழைப்பின் வரலாற்றோடு நெருங்கிப் பிணைந்தவை. அப்பிணைப்பை இனங்காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஓர் எல்லையை வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். எந்த எழுத்து எவ்விசையில் அமைய வேண்டும் என்பது வேறொரு வரலாறு. யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூரிற் பணியாற்றிய ஆர். முத்தையா தமிழ்த் தட்டெழுத்துப் பொறிக்கு விசையொழுங்கு அமைத்தபோது எதிர்நோக்கியது அத்தகைய பிரச்சினையே. இங்கு நாம் கருத்திற் கொள்வது விசைக்கு அடியிலுள்ள பொறிமுறையை மட்டுமே.

1874 இல் றெமிங்ரன் நிறுவனம் ஷோல்ஸ்-கிளிடன் பொறியைச் சந்தைக்குக் கொண்டுவந்த காலந்தொட்டு, கைத்தட்டெழுத்துப் பொறியில் விரலுக்கும் எழுத்துக்கும் இடையே நேரடியான நெம்புகோல் தொடர்பு இருந்தது. விரல் அழுத்திய வலிமையே எழுத்தைத் தாளிற் பதித்தது. அழுத்தம் குறைந்தால் எழுத்தும் மங்கியது. 1961 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட செலெக்ரிக் என்னும் மின் தட்டெழுத்துப் பொறி இத்தொடர்பை அறுத்தது. எழுத்துகள் பொறிக்கப்பட்ட உருண்டையைச் சுழற்றித் தாளில் அடிக்கும் வேலையை மின்னோடி ஏற்றுக்கொண்டது. விரல் செய்யவேண்டியது பொறியை முடுக்கிவிடுவது மாத்திரமே. இரு விசைகள் ஒரே கணத்தில் இயங்கிவிடாதபடி, ஒரு குழலுக்குள் வரிசையாக அடைக்கப்பட்ட உருக்குக் குண்டுகள் தடுத்தன. இப்பொறியிற் பழகிய தட்டெழுத்தாளர் தொகை பெருகியபோது, அவர்களது விரல்களில் ஒரு குறிப்பிட்ட தொடுவுணர்வு பழக்கமாக ஊறியது. பின்னர் வந்த ஆளிகளின் வரலாற்றுக்கு இப்பழக்கம் ஒரு பௌதிக நிபந்தனையாக அமைந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

கணினி முனையங்கள் அலுவலகத்துட் புகுந்தபோது விசை செய்யவேண்டியது ஒரு மின்சுற்றுக்குச் செய்தி அறிவிப்பது மட்டுமே என்றாயிற்று. அதற்குப் பல வழிகள் இருந்தன. கண்ணாடிக் குழலினுள் அடைக்கப்பட்ட மெல்லிய உலோக நாக்குகளைக் காந்தத்தாற் சேர்த்துவைப்பது ஒரு வழி. 1879 இல் எட்வின் ஹோல் கண்டறிந்த காந்தவிளைவைக் குறைகடத்திச் சில்லொன்றிற் பயன்படுத்தி, உலோகத் தொடுகையே இல்லாத ஆளியை 1968 இல் ஹனிவெல் நிறுவனத்தின் மைக்ரோ சுவிச் பிரிவு உருவாக்கியது மற்றொரு வழி. தேய்வதற்குத் தொடுகை இல்லாமையால் இதன் ஆயுள் நீண்டது; விலையும் அதற்கேற்ப உயர்ந்திருந்தது. தொழினுட்ப நோக்கில் இவை குறைவற்றவை. ஆனால் இவற்றின் மேலே வைக்கப்பட்ட விரல், விசை பதிவானதா இல்லையா என்பதைத் தானாக அறிவதற்கு வழியிருக்கவில்லை. கீழே அழுத்துந்தோறும் எதிர்ப்பு ஒரே சீராகக் கூடிக்கொண்டு செல்லும், அவ்வளவே.

செலெக்ரிக்கை உற்பத்தி செய்த ஐ.பி.எம்., தன் வாடிக்கை நிறுவனங்களின் தட்டெழுத்தாளர்கள் எதற்குப் பழகியவர்கள் என்பதை நன்கு அறிந்திருந்தது. 1971 இல் அறிவிக்கப்பட்ட அதன் 3270 முனையக் குடும்பத்திற் பயன்பட்ட ஆளியில், வளைந்த உலோகத் தகடொன்று அழுத்தத்தின் கீழ் ஒரு கட்டத்தில் திடீரெனப் புரண்டு, கொள்ளளவத்தை மாற்றிச் செய்தியை அறிவித்தது. விரலுக்குத் தெளிவான முறிவுணர்வு கிட்டியது. அதுவும் போதாதென்று, சில விசைப்பலகைகளுள் மின்காந்தத்தால் இயங்கும் ஒரு சுத்தியலைப் பொருத்தி, ஒவ்வொரு தட்டுகைக்கும் அது 'டக்' என்று அடிக்குமாறு செய்தனர். ஓசையெழுப்ப வேண்டிய தேவை எதுவுமற்ற ஒரு மின்கருவி, பழைய பொறியின் ஓசையை வலிந்து பாவனை செய்தது! இதனை வெறும் விற்பனை உத்தியாகக் கருதிவிட முடியாது. பல ஆண்டுப் பயிற்சியாற் பெற்ற திறனை வேகக்குறைவின்றிப் புதிய கருவிக்கு மாற்றிக்கொள்ள வேண்டிய தேவை மூலதனத்துக்கு இருந்தது.

இத்தகட்டு ஆளி உயரமானது, உறுப்புகளும் பல. அதனிடத்தைப் பிடித்ததே இத்துறையிற் பெரிதும் போற்றப்படும் மடங்கு வில் அமைப்பாகும். ஐ.பி.எம். பொறியியலாளர் றிச்சர்ட் ஹண்டர் ஹரிஸ் பெயரில் 1978 இல் இதற்கு அமெரிக்க ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. இதன் தத்துவம் வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. மெல்லிய தூணொன்றை மேலிருந்து அழுத்தினால், குறித்த ஓர் எல்லைவரை அது நேராக நின்று தாங்கும். எல்லை கடந்ததும் பக்கவாட்டில் மடங்கிவிடும். 18ஆம் நூற்றாண்டில் ஓய்லர் கணித முறையில் விளக்கிய இந்நிகழ்ச்சியைக் கட்டடக்கலைஞர் அச்சத்துடன் நோக்குவர். ஹரிஸ் அதனையே வேலைக்கு அமர்த்தினார். விசையின் கீழ் நிற்கும் விற்சுருள் அழுத்தத்தால் ஓரிடத்திற் சட்டென மடங்குகிறது; மடங்கும்போது தன் அடியிற் பிணைக்கப்பட்ட சிறு தகட்டைச் சாய்க்கிறது; அச்சாய்வே மின்சுற்றுக்குச் செய்தியாகிறது. மடங்கும் வில் குழலின் சுவரில் மோத ஓசை பிறக்கிறது. விரல் உணர்வதும், காது கேட்பதும், கணினி பதிவதும் ஒரே நிகழ்ச்சியின் மூன்று முகங்கள். கண்ணைத் திரைக்கோ விசைக்கோ திருப்பாமல், மூலப்படியிலேயே நிலைநிறுத்தி வேலை செய்பவருக்கு இதனால் விளைந்த பயன் பெரிது. முன்னர் கூறிய செயற்கைச் சுத்தியலோடு ஒப்பிட்டு நோக்கின் இதன் மேன்மை தெளிவாகும்.

1981 இல் ஐ.பி.எம். தனியாட் கணினியுடன் வெளிவந்த மொடல் எவ் விசைப்பலகையில் இவ்வில், கொள்ளளவ மாற்றத்தை உணரும் சுற்றுப்பலகையின் மேல் அமைந்தது. இரு உலோகத் தகடுகள் ஒன்றோடொன்று கவ்வி அதனை இறுக்கிப் பிடித்தன. 1985 அளவில் வந்த மொடல் எம்மில் வில் அப்படியே இருக்க, அதன் அடித்தளம் மாறிற்று. சுற்றுப்பலகைக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் படலங்கள்; மேற்றகட்டுக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் சட்டம்; கவ்வும் விளிம்புகளுக்குப் பதிலாக, உருக்கி மழுங்கடித்த பிளாஸ்ரிக் ஆணிகள். உற்பத்திச் செலவு குறைந்தது. அவ்வாணிகள் காலப்போக்கில் ஒடிந்து விழுவதை இன்றுஞ் சேகரிப்போர் முறையிடுவர். மொடல் எம்மைத் தரத்தின் உச்சமெனக் கொண்டாடும் வழக்கம் உண்டு. இரண்டு கிலோகிராமுக்கு மேற்பட்ட அதன் எடை அவ்வெண்ணத்துக்குத் துணைநிற்கிறது. உண்மையில் அது மலிவாக்கலின் முதற்படி என்பதே எமது கருத்து. வில் தப்பியது, அதனைச் சூழ இருந்தவை தப்பவில்லை.

ஐரோப்பாவில் வளர்ச்சி வேறொரு நிர்ப்பந்தத்தால் திசைமாறியது. மேற்கு ஜேர்மனியில் 1980களின் முற்பகுதியில், திரைமுன் வேலை செய்வோரின் மணிக்கட்டைக் கருத்திற்கொண்டு, விசைப்பலகையின் நடுவரிசை மேசையிலிருந்து 30 மில்லிமீற்றருக்கு மேல் உயரக்கூடாதென்ற வரையறை நடைமுறைக்கு வந்தது. உயரமான பழைய ஆளிகள் பல இவ்வளவில் அடங்கவில்லை. இச்சூழலிலேயே, அமெரிக்காவிற் தோன்றி ஜேர்மனியில் வேரூன்றிய செரி நிறுவனத்தின் எம்.எக்ஸ். ஆளி தோன்றியது. விசை மொத்தம் 4 மில்லிமீற்றர் கீழிறங்கும். ஏறத்தாழப் பாதி வழியிற் பொன்முலாமிட்ட தொடுகைகள் சேரும். நடுத்தண்டின் பக்கவடிவை மாற்றுவதாலேயே தொடுவுணர்வை மாற்றிவிடலாம்: கறுப்பு நிறத்தண்டு சீராக இறங்குவது; நீலம் ஓசையுடன் முறிவது; 1994 இல் வந்த கபிலம் ஓசையின்றி மெல்லத் தடக்குவது. நீலத்தில் ஓசையெழுப்பும் உறுப்பு வேறு, தொடுகை வேறு. மடங்கு வில்லில் இரண்டும் ஒன்றே எனக் கண்டோம். யப்பானிய அல்ப்ஸ் நிறுவனமும் இவ்வாறே நிறவேறுபாடுகளுடன் ஆளிகளை வெளியிட்டது. 1987 இல் அப்பிளின் விரிவாக்கிய விசைப்பலகையில் அவை இடம்பெற்றன. 1990 இல் வந்த அதன் இரண்டாம் வடிவில் ஓசையைத் தணிக்கும் இறப்பர்ப் பட்டைகள் ஆளியின் தண்டிலேயே சேர்க்கப்பட்டன.

இனி, விரலுக்குரியவர்களை நோக்குவோம். இவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். ஹரி பிறேவர்மன் 1974 இல் வெளியிட்ட 'உழைப்பும் ஏகபோக மூலதனமும்' என்னும் நூலில், அலுவலக எழுதுவினைஞரின் வேலை தொழிற்சாலை வேலையின் தன்மையை அடைந்துவிட்டதைச் சுட்டினார். தட்டெழுத்துப் பொறியில் எண்ணுங் கருவியைப் பொருத்தித் தட்டுகைகளைக் கணக்கிடும் முறை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அமெரிக்காவில் அறியப்பட்டிருந்தது. எனவே எண்ணுதல் கணினியோடு பிறந்தது எனல் தவறு. ஆனால் மின் ஆளி வந்தபின் எண்ணுவதற்குத் தனிக்கருவி வேண்டியிருக்கவில்லை. ஒவ்வோர் அழுத்தமும் பிறக்கும்போதே எண்ணப்படத்தக்க அலகாயிற்று. மணித்தியாலத்துக்கு இத்தனை தட்டுகை என்பது தரவுப்பதிவாளரின் கூலியையும் வேலை உறுதியையும் தீர்மானிக்கும் அளவுகோலாயிற்று. அமெரிக்கக் காங்கிரசின் தொழினுட்ப மதிப்பீட்டு அலுவலகம் 1987 இல் மின் மேற்பார்வை குறித்துத் தனி அறிக்கையொன்றையே வெளியிட வேண்டியதாயிற்று. 1973 இல் பொஸ்ரனில் அலுவலகப் பெண்கள் தொடங்கிய 'ஒன்பது முதல் ஐந்து' என்ற இயக்கம் திரைமுன் வேலையின் உடல்நலக் கேடுகளைத் தன் போராட்டப் பொருளாக்கியது.

ஆளியின் தரம் உயர்ந்ததனால் உழைப்பாளி உடல் காக்கப்பட்டது என்று எவரும் அவசரப்பட்டு முடிவுகட்டலாகாது. 1980களின் நடுப்பகுதியில் அவுஸ்திரேலியாவில் விசைப்பலகைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் கை, மணிக்கட்டு நோவினாற் பாதிக்கப்பட்டனர். நோவு உடலிலா மனத்திலா என மருத்துவர்கள் வாதிட்டனர். நட்டஈட்டு ஆசையே நோய்க்குக் காரணம் என்று கூறியோரும் உளர். ஓய்வின்மை, இலக்குத் தொகை, மேசையின் உயரம் ஆகியவற்றை விடுத்து ஆளியை மாத்திரம் குற்றவாளியாக்குவது எவ்வாறு பொருந்தாதோ, அவ்வாறே நல்ல ஆளியை மாத்திரம் மருந்தாக்குவதும் பொருந்தாது. வேகமாகத் தட்ட உதவும் கருவி, வேகமாகத் தட்டுமாறு பணிக்கவும் உதவும். அதே பத்தாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க விமான நிறுவனமொன்று தன் பயணச்சீட்டுத் தரவுப்பதிவைப் பார்படோஸ் தீவுக்கு மாற்றியது. குறைந்த கூலி பெற்ற பெண்கள் அங்கு அதே வேலையைச் செய்தனர். கருவி மாறவில்லை, கூலியும் நாடுமே மாறின.

இந்நிலையில் நல்ல ஆளி ஏன் மறைந்தது என்ற வினா எழுகிறது. விலையே காரணம் என்பது பொதுவான விடை. அது பிழையன்று, ஆனால் முழுமையுமன்று. மடங்கு வில்லுக்குச் செலவிடத் துணிந்த மூலதனம் தட்டெழுத்தாளர் என்ற தனித்திறன் வகுப்பை நம்பியிருந்தது. 1980களின் பிற்பகுதியிற் கணினி ஒவ்வொரு மேசைக்கும் வந்தது. முகாமையாளரும் மாணவரும் தம் கடிதங்களைத் தாமே அடித்தனர். தட்டெழுத்தாளர் குழாங்கள் கலைக்கப்பட்டன. இருவிரலால் தட்டுபவருக்கு முறிவுணர்வு வேண்டியதில்லை. கணினி வாங்குவோர் விசைப்பலகைக்கென்று தனியே பணம் கொடுப்பதுமில்லை. எல்லா விசைகளுக்கும் பொதுவான ஒரே இறப்பர் விரிப்பில் வார்த்தெடுக்கப்பட்ட சிறு கவிகைகள் நூறு விற்சுருள்களின் வேலையை ஏற்றன. வகுப்பு கலைந்தது, அதன் கருவியும் உடன் கலைந்தது.

கென்ரக்கி மாநிலத்து லெக்சிங்ரன் நகரில் செலெக்ரிக்கையும் பின்னர் மொடல் எம்மையும் உற்பத்தி செய்த தொழிற்சாலை 1991 இல் ஐ.பி.எம்மிலிருந்து பிரிந்து லெக்ஸ்மார்க் எனும் நிறுவனமாயிற்று. அது விசைப்பலகையைக் கைவிட்டபோது, அங்கு வேலை செய்தவர்கள் சிலர் 1996 இல் அச்சுகளையும் உரிமைகளையும் பெற்று யுனிகொம்ப் என்ற சிறு நிறுவனத்தை அதே நகரில் அமைத்து மடங்கு வில்லைத் தொடர்ந்து உற்பத்தி செய்தனர். 2010களில் எம்.எக்ஸ். வடிவை ஒத்த ஆளிகளைச் சீன ஆலைகள் பெருந்தொகையாக உற்பத்தி செய்யத் தொடங்கின. நிறங்களின் பட்டியல் எண்ணி முடியாத அளவுக்கு நீண்டது. இவற்றை வாங்குவோர் பெரும்பாலும் கணினி விளையாட்டுக்காரரும் நிரலெழுதுவோரும் சேகரிப்போருமாவர். பழைய மொடல் எம் ஒன்றைப் புரட்டிப் பார்த்தால், அடியில் ஒட்டப்பட்ட சீட்டில் உறுப்பிலக்கமும் உற்பத்தித் திகதியும் இருக்கும். அத்திகதியைக் கொண்டே சேகரிப்போர் அதன் விலையை மதிப்பிடுவர். அப்பலகை எவ்வலுவலகத்தில் இருந்தது, அதில் மணித்தியாலத்துக்கு எத்தனை தட்டுகை கேட்கப்பட்டது என்ற விபரம் அச்சீட்டில் இல்லை.