பிராண்டேயும் தரங்கம்பாடியும்: சிற்றூர் அருங்காட்சியகங்களுக்கு நிதி வந்த வழி

பிராண்டே, டென்மார்க்கின் யூட்லாந்து தீபகற்பத்தின் நடுவே அமைந்த சிறு நகரம். மக்கள்தொகை ஏழாயிரத்தைச் சற்றுத் தாண்டும். 2007ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சீரமைப்புக்குப் பின் இகாஸ்ட்–பிராண்டே நகராட்சியின் கீழ் வருகிறது. காற்றாலைத் தொழிலும் ஆடைத்தொழிலும் இவ்வூரை உலக வரைபடத்தில் ஏற்றின. இங்கே தலைமையகம் கொண்ட பெஸ்ட்செல்லர் என்னும் ஆடை நிறுவனத்தின் உரிமையாளர் குடும்பம் நிறுவிய அறக்கட்டளை, மயிலாடுதுறை மாவட்டத்துத் தரங்கம்பாடியில் இடியும் நிலையில் இருந்த பழைய டேனிஷ் வீடு ஒன்றைப் புதுப்பிக்கப் பணம் கொடுத்தது. ஏறத்தாழ எட்டாயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இந்த இரு சிற்றூர்களின் கதையைச் சேர்த்துப் படித்தால், உள்ளூர் அருங்காட்சியகமும் கலையும் யார் பணத்தில் பிழைக்கின்றன என்பது தெளிவாகப் புலப்படும்.

தரிசு நிலமும் தறியும்

நடு யூட்லாந்து ஒருகாலத்தில் புதர் மண்டிய மணற்பாங்கான தரிசு. விளைச்சல் போதாத குடும்பங்கள் ஆடு வளர்த்தன. குளிர்கால இரவுகளில் ஒரே வீட்டில் கூடி உட்கார்ந்து கம்பளிக் காலுறை பின்னின. அவற்றைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்கும் வியாபாரிகள் உருவானார்கள். அந்தக் கைப்பின்னலிலிருந்து வளர்ந்ததே ஹெர்னிங், இகாஸ்ட், பிராண்டே வட்டாரத்தின் பின்னலாடைத் தொழில். டென்மார்க்கின் திருப்பூர் என்று இவ்வட்டாரத்தைச் சொன்னால் நம் வாசகருக்குச் சட்டென்று விளங்கும்.

பிராண்டேயில் நீர்ப்பாசனக் கருவி செய்த ஆலையொன்றிலிருந்து பிறந்த போனஸ் என்ற காற்றாலை நிறுவனத்தை 2004இல் சீமென்ஸ் வாங்கியது. பெஸ்ட்செல்லரை டிரோல்ஸ் ஹோல்க் பவுல்சனும் மெரேட்டே பெக் பவுல்சனும் 1975இல் ரிங்க்யோபிங் என்ற மேற்குக் கரை ஊரில் தொடங்கினர். பின்னர் தலைமையகம் பிராண்டேக்கு வந்தது. இந்நிறுவனத்துக்காக 320 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றுக்கு 2019இல் நகராட்சி ஒப்புதல் அளித்தது. அது கட்டப்படவில்லை. ஆனால் சிற்றூர் ஒன்றில் ஒரு நிறுவனத்தின் சொல் எவ்வளவு எடுபடும் என்பதற்கு அந்த ஒப்புதலே சான்று.

கலை இங்கே தெருவில் இருக்கிறது. 1960களின் இறுதி முதல் வீடுகளின் பக்கச் சுவர்களில், கூரைமுகடு வரை எட்டும் பெரிய ஓவியங்களைக் கலைஞர்கள் தீட்டி வந்தார்கள். டிக்கெட் இல்லை, திறக்கும் நேரம் மூடும் நேரம் இல்லை. கடைக்குப் போகிறவர் கண்ணில் படுவதுதான் கண்காட்சி. ஆனால் வெளிச்சுவர் ஓவியத்துக்கு ஆயுள் குறைவு. மழையும் பனியும் வண்ணத்தை உரிக்கும், காரை பெயரும், வீட்டை வாங்கிய புது உரிமையாளருக்கு வேறு எண்ணம் இருக்கும். தீட்டுவது ஒருமுறைச் செலவு, காப்பது தொடர்செலவு. ரயில் எஞ்சின்கள் நின்ற பழைய கொட்டகையும் இடிபடாமல் ‘ரெமீசன்’ என்ற பெயரில் கண்காட்சிக் கூடமாகி நிற்கிறது.

டேனிஷ் ஏற்பாடு உருவான விதம்

டென்மார்க்கில் பொது அருங்காட்சியகம் என்ற எண்ணம் 1807இல் அமைத்த தொல்பொருள் ஆணையத்தோடு தொடங்குகிறது. அதன் செயலாளரான கிறிஸ்டியன் யூர்கென்சன் தாம்சன், சேகரிப்பை 1819இல் கோபன்ஹேகனில் பொதுமக்களுக்குத் திறந்தார். கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்று நாம் இன்று சொல்லும் வகைப்பாடு அந்தப் பொருள்களை அவர் அடுக்கிய முறையிலிருந்து வந்தது. மாகாண ஊர்கள் பின்தொடர்ந்தன: ரீபே 1855, ஓடென்ஸே 1860, ஆர்ஹூஸ் 1861. ஆசிரியர்களும் மருந்துக்கடைக்காரர்களும் பாதிரியார்களும் சங்கம் சேர்த்து நடத்தியவை இவற்றில் பல.

கலாசார அமைச்சகம் 1961இல் அமைந்தது. கலைஞர்களுக்கு உதவித்தொகை வழங்கும் அரசுக் கலை நிதியம் 1964இல் வந்தது. அடுத்த ஆண்டே எதிர்ப்புக் கிளம்பியது. கிடங்குப் பொறுப்பாளராக வேலை பார்த்த பீட்டர் ரிண்டால், உழைப்பாளியின் வரிப்பணம் அவனுக்குப் புரியாத கலைக்குப் போவதா என்று கேட்டுக் கையெழுத்து இயக்கம் நடத்தினார். பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். அவர் பெயரிலேயே ‘ரிண்டாலிசம்’ என்று ஒரு சொல் டேனிஷ் மொழியில் நிலைத்துவிட்டது. ரிண்டாலை அறியாதவர் என்று ஒதுக்குவது தவறு. அவர் எழுப்பியது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லும் கட்டாயம் வந்ததால்தான் கலைக்கான அரசுச் செலவு வெளிப்படையாக விவாதிக்கப்பட்டு, கடைசியில் நிலைபெற்றது.

ரிண்டாலுக்கான சிறந்த விடை ஐந்தாண்டுகளுக்கு முன்பே பிராண்டேக்குப் பக்கத்து ஊரான ஹெர்னிங்கில் கிடைத்திருந்தது. சட்டைத் தொழிற்சாலை முதலாளி ஓகே டாம்கார்ட் ஓவியர்களைத் தம் ஆலைக்குள் வரவழைத்து, தொழிலாளிகள் நடுவே வேலை செய்ய வைத்தார். இத்தாலியக் கலைஞர் பியேரோ மான்சோனி 1960 கோடையில் அங்கே வந்தார். உள்ளூர்ச் செய்தித்தாளின் அச்சகத்தில் காகிதச் சுருள் ஓட ஓட, 7,200 மீட்டர் நீளத்துக்கு ஒரே கோட்டை இழுத்தார். மறு ஆண்டு ‘உலகத்தின் பீடம்’ என்ற இரும்புப் பெட்டியைத் தலைகீழ் எழுத்துகளோடு தரையில் வைத்தார். பூமிப்பந்தே அதன் மேல் நிற்கும் சிலை என்பது கருத்து. இருபதாம் நூற்றாண்டுக் கலை வரலாற்றில் இடம்பிடித்த இப்படைப்புகள் ஒரு சட்டை முதலாளியின் செலவில், ஒரு மாகாண ஊரில் உருவானவை. ஹெர்னிங் கலை அருங்காட்சியகம் 1976இல் பழைய ஆலைக் கட்டடத்தில் தொடங்கி, 2009இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஸ்டீவன் ஹோல் வடிவமைத்த புதுக் கட்டடத்துக்கு மாறியது.

தனியார் கொடை டென்மார்க்கில் பழைய வழக்கம். மதுபான ஆலை முதலாளி கார்ல் யாகப்சனும் மனைவி ஒட்டிலியாவும் 1902இல் நிறுவிய நியூ கார்ல்ஸ்பெர்க் அறக்கட்டளை, நாடெங்கும் உள்ள அருங்காட்சியகங்களுக்குக் கலைப்பொருள் வாங்கிக் கொடுத்து வருகிறது. ஆனாலும் சிற்றூர் அருங்காட்சியகத்தைத் தாங்குவது நகராட்சி மானியம், அரசு மானியம், நுழைவுக் கட்டணம் உள்ளிட்ட சொந்த வருவாய் ஆகிய மூன்றும் சேர்ந்த ஏற்பாடுதான். அரசு அங்கீகாரம் பெற்ற அருங்காட்சியகம் சேகரிக்கவும், பதிவு செய்யவும், பாதுகாக்கவும், ஆராயவும், மக்களுக்கு எடுத்துச் சொல்லவும் சட்டப்படி கடமைப்பட்டது. இவ்வட்டாரத்துக்கு ஹெர்னிங், இகாஸ்ட்–பிராண்டே ஆகிய இரு நகராட்சிகளுக்கும் பொதுவான மிட்யூலாண்ட் அருங்காட்சியகம் உண்டு. புது ஆலையோ குடியிருப்போ எழும்பும் முன் நிலத்தடியில் தொல்பொருள் இருக்குமா என்று பார்ப்பது இத்தகைய வட்டார அருங்காட்சியகத்தின் பொறுப்பு. அகழாய்வு தேவைப்பட்டால் பெரும்பாலும் கட்டுகிறவரே செலவை ஏற்க வேண்டும். 2001ஆம் ஆண்டின் அருங்காட்சியகச் சட்டம் இதை உறுதியாக்கியது.

குறையில்லாத ஏற்பாடு அல்ல. எந்த அருங்காட்சியகத்துக்கு எவ்வளவு என்பது பல பத்தாண்டுகளாகப் பழைய வழக்கப்படியே ஓடியது. ஒத்த அளவுள்ள இரு நிறுவனங்கள் வெவ்வேறு தொகை பெற்றன. 2025 முதல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் இதைச் சரிசெய்ய முனைகிறது.

தரங்கம்பாடிக்கு வந்த பணம்

டேனிஷ் கப்பல் தலைவர் ஓவே கெட்டே 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் தரங்கம்பாடி டேனியர் கைக்கு வந்தது. நாயக்கர் டேனிஷ் மன்னருக்கு அனுப்பிய பொன்னோலை கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் உள்ளது. ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கினார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் இங்கே அச்சாகி முடிந்தது. ஆளுநராக இருந்த பீட்டர் ஆங்கர் இவ்வூரையும் சோழநாட்டுக் கோயில்களையும் நீர்வண்ணத்தில் வரைந்தார். அந்த ஓவியங்கள் இன்று ஆஸ்லோவில் இருக்கின்றன. 1845இல் டென்மார்க் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றபின் வணிகமும் தேய்ந்தது. பணம் வராததால் இடித்துக் கட்ட ஆளில்லாமல் போன வீடுகளே பின்னால் பாரம்பரியக் கட்டடங்கள் ஆயின.

டேனியர் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை 1970களின் இறுதியில் தமிழகத் தொல்லியல் துறையிடம் வந்து அருங்காட்சியகம் ஆனது. சீனத்துத் தேயிலைச் சாடிகள், பீங்கான், டேனிஷ் ஆவணங்கள், வாள், ஈட்டி, சுதைச் சிற்பம், சிறிய பீரங்கிக் குண்டுகள், திமிங்கில எலும்பு என்று உள்ளே எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. புத்தாயிரத்தின் தொடக்கத்தில் டென்மார்க்கின் தரங்கம்பாடிச் சங்கம் கோட்டையைச் சீர்செய்ய உதவியது. 2011இல் மாநிலச் சுற்றுலாத் துறையும் வேலை செய்தது. டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் 2004இல் தொடங்கிய ஆய்வுத் திட்டம், மானுடவியலர் எஸ்தர் ஃபில் போன்றோர் வழியாக நூல்களைத் தந்தது. அதே ஆண்டு டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை மீனவர் குடியிருப்பை நொறுக்கியது. அதன்பின் மறுவாழ்வுப் பணமும் பாரம்பரியப் பாதுகாப்புப் பணமும் ஒரே ஊருக்குள் ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன.

பெஸ்ட்செல்லர் அறக்கட்டளை நிறுவப்பட்ட ஆண்டு 1995. அதன் நிதியில், படைத் தளபதி வீடு என்று வழங்கும் பழைய டேனிஷ் வீட்டை இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் புதுச்சேரிப் பிரிவு புதுப்பித்தது. கடலோரத்தில் இந்த வேலை எளிதல்ல. உப்புக்காற்றும் தரை ஈரமும் செங்கல் சுவருக்குள் ஏறும். பழைய சுவரின் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். உப்பு உறைந்து செங்கல் பொடிப்பொடியாய் உதிரும். ஆகவே சிமெண்டைச் செதுக்கி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்புக்குப் போக வேண்டும். சுண்ணாம்பை நீற்றி, ஊறவைத்து, மணலோடு அரைத்து, மரபுப்படி கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். தேக்கு உத்திரத்தின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துக்கட்டாகச் சாய்வரிசையில் அடுக்கும் மெட்ராஸ் தளம் போடத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். இப்படி ஒரு வீட்டைக் காக்கும்போது கூடவே ஒரு கைத்தொழிலும் பிழைக்கிறது. தனியார் கொடையின் பெரிய பலன் இதுதான் என்பேன். அரசு ஒப்பந்தப்புள்ளி அட்டவணையில் கடுக்காய்க்கு இடம் கிடைப்பது கடினம். பொறுமையுள்ள கொடையாளி அதற்கும் காலம் கொடுப்பார்.

டேனியரின் இன்னொரு பழைய ஊரான வங்காளத்துச் சேரம்பூரிலும் இதே வழி தெரிகிறது. அங்கே டேனிஷ் தேசிய அருங்காட்சியகத்தின் திட்டத்தில், ரியல்டானியா என்ற டேனிஷ் அறக்கட்டளையின் உதவியோடு பழைய கட்டடங்கள் சீரமைக்கப்பட்டன. புனித ஒலாவ் தேவாலயப் பணிக்கு 2016இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. ‘டென்மார்க் டேவர்ன்’ என்ற விடுதி 2018இல் மீண்டும் திறந்து, உணவகமாகவும் தங்குமிடமாகவும் சம்பாதிக்கிறது. புதுப்பித்த கட்டடம் தன் மின்கட்டணத்தைத் தானே ஈட்டும்படி முதலிலேயே திட்டமிட்டது அங்கே செய்த நல்ல காரியம்.

யாருடைய கதை

பணம் தருபவர் கதையையும் தேர்ந்தெடுக்கிறார். ஹெல்லே யோர்கென்சன் தரங்கம்பாடியைப் பற்றி 2014இல் வெளியிட்ட ஆய்வு நூல், இது யாருடைய வரலாறு என்ற கேள்வியைத் தலைப்பிலேயே வைக்கிறது. டேனியர் பணத்தில் டேனிஷ் வீடுகளும், ஜெர்மனியின் ஹாலே நகர பிராங்கே நிறுவனங்களின் முயற்சியில் சீகன்பால்கு இல்ல அருங்காட்சியகமும் எழுந்தன. 225 ஆண்டுக்கால டேனிஷ் ஆட்சிக்கு இவ்வளவு கிடைத்திருக்கிறது. கடற்கரையில் அலை தின்றுகொண்டிருந்த மாசிலாமணிநாதர் கோயில், குலசேகர பாண்டியன் காலத்தது; டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டு மூத்தது. பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் கட்டுமரம், வலை, ஊர்ப் பஞ்சாயத்து, ஆழிப்பேரலை நினைவு ஆகியவற்றுக்கு அதே அளவு கவனம் கிடைக்கவில்லை. டேனியரைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை, அவர்கள் தம் முன்னோர் கதைக்குச் செலவு செய்கிறார்கள். நம் கதைக்கு நாம் செலவு செய்யாததுதான் குறை.

தமிழகம் செலவே செய்வதில்லை என்று சொல்ல முடியாது. சென்னை அருங்காட்சியகம் 1851இல் தோன்றியது, புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1910இல் தனக்கென ஒன்றைத் தொடங்கியது. 2023இல் சுமார் 18 கோடி ரூபாயில் கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டு, கிராமத்து மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து பார்க்கிறார்கள். தம் மண்ணில் கிடைத்த பானையைத் தம் ஊரிலேயே பார்க்கும் பெருமைக்கு விலை இல்லை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996 முதல் தட்சிணசித்ரா தனியார் அறக்கட்டளையாகவே நடக்கிறது.

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடக் கட்டாயமாக்கியது. அதன் ஏழாம் அட்டவணை தேசியப் பாரம்பரியம், கலை, வரலாற்றுக் கட்டடங்களின் சீரமைப்பு ஆகியவற்றையும் அனுமதிக்கிறது. திருப்பூரிலும் கோவையிலும் ஓகே டாம்கார்ட் அளவுக்கு வசதி படைத்தவர்கள் உண்டு. சட்டமும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

ஆயினும் கொடை ஒருமுறை வரும், கூரை ஒவ்வொரு மழைக்கும் ஒழுகும். திறப்புவிழாக் கல்வெட்டில் பெயர் பொறிக்க முன்வருவோர் காவலாளியின் சம்பளத்துக்கும், பூச்சி அரிக்கும் சுவடிக்கும், பொருள்பட்டியல் எழுதும் இளைஞருக்கும் பணம் கேட்டால் தயங்குகிறார்கள். டென்மார்க்கில் ஒவ்வொரு நகராட்சியும் அடுத்த ஆண்டின் வரவுசெலவை அக்டோபர் 15க்குள் நிறைவேற்ற வேண்டும். பண்பாட்டுக்கான ஒதுக்கீடும் அதில் அடங்கும். அதைக் குறைக்க நினைக்கும் உறுப்பினர், மறுநாள் கடையில் சந்திக்கப்போகும் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். தரங்கம்பாடியில் கோட்டைக்குப் பொறுப்பு சென்னையிலிருந்து இயங்கும் துறையிடம் இருக்கிறது. பேரூராட்சிக்கு அதில் செலவும் இல்லை, சொல்லும் இல்லை. பேரூராட்சியின் வரவுசெலவில் சிறு தொகையாவது ஆண்டுதோறும் ஒதுக்கி, நிர்வாகக் குழுவில் மீனவர் பஞ்சாயத்துக்கும் உள்ளூர்ப் பள்ளிகளுக்கும் இடம் கொடுத்தால், அடுத்த கண்காட்சி எதைப் பற்றி என்று முடிவு செய்வதில் ஊருக்கும் பங்கு கிடைக்கும்.