கொழும்பு நூதனசாலைகளும் நமது வரலாற்றுச் சான்றுகளும்

இலங்கை முஸ்லிம்களின் தொன்மைக்குச் சான்று பகரும் இரு கற்கள் நெடுங்காலம் மனிதரின் காலடியில் கிடந்தன. முதலாவது, கொழும்பு முஸ்லிம் மையவாடியில் நின்ற, கூஃபி எழுத்துப் பொறித்த மீஸான் கல். ஒல்லாந்த அதிகாரி ஒருவர் 1787ஆம் ஆண்டு அதனைப் பெயர்த்தெடுத்துத் தம் இல்லத்து வாயிற்படி அமைக்கப் பயன்படுத்தினார். இரண்டாவது, 1911ஆம் ஆண்டு காலி நகரில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு. எழுத்துள்ள பக்கம் கீழே கவிழ்ந்திருக்க, ஒரு மதகின் மூடுகல்லாக அது கிடந்தது. முதற் கல்லைப் பற்றி, இலங்கையின் பிரதம நீதியரசராகப் பணியாற்றிய சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன் 1827ஆம் ஆண்டு இலண்டன் ஆசியக் கழகத்தின் வெளியீட்டில் எழுதினார். இரண்டாம் கல் இன்று கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கின்றது. சிறு தொகை செலுத்தி நுழைவுச் சீட்டுப் பெறும் எவரும் அதன் முன் நின்று பார்க்கலாம்.

பார்க்கலாம் என்கின்றோம், பார்த்தவர் நம்முள் எத்தனை பேர் என்பதே வினா. கெய்ரோவின் நூதனசாலைகளையும் இஸ்தான்பூலின் தோப்காபி மாளிகையையும் பெரும் பொருட்செலவில் கண்டு திரும்பும் நம்மவர் பலர், கொழும்பில் பேருந்துக் கட்டணத்தளவான செலவில் காணக்கூடியவற்றைக் கண்டதில்லை. பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் முடிவினை நோக்குமாறு அல்குர்ஆன் பல இடங்களில் ஏவுகின்றது. அப்பயணம் தூரதேசங்களுக்கு மட்டும் உரியதன்று. கொழும்பில் இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் இடங்களில் நமது வரலாறு எவ்வாறு பதிந்துள்ளது என்பதை இக்கட்டுரையில் சுருக்கமாக நோக்குவோம்.

நூதனசாலையும் அதன் கட்டடக் கலைஞரும்

தமிழகத்தார் அருங்காட்சியகம் என வழங்குவதை இலங்கையில் நாம் நூதனசாலை என்கின்றோம். கொழும்பு நூதனசாலை 1877ஆம் ஆண்டு ஜனவரி மாதம், தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் ஆட்சிக் காலத்தில் திறக்கப்பட்டது. இத்தாலியப் பாணியில் அமைந்த அதன் வெண்ணிற மாளிகைக்குப் பொதுவேலைத் திணைக்களத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்மித்தர் வரைபடம் அமைத்தார். அதனைக் கட்டி முடித்தவர் கொழும்புச் சோனகரான அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். மக்கள் அவரை வாப்பிச்சி மரிக்கார் பாஸ் என அழைத்தனர். புறக்கோட்டையின் பழைய நகர மண்டபம் உள்ளிட்ட பல கட்டடங்களும் அவருடைய கைவண்ணமே எனக் கூறப்படுகின்றது.

திறப்பு விழா குறித்துச் சோனகரிடையே வழங்கிவரும் செய்தியொன்று உண்டு. பணியை நிறைவேற்றியமைக்குப் பரிசாக என்ன வேண்டும் எனத் தேசாதிபதி வினவினார். தச்சு வேலைகளுக்குப் பொறுப்பாயிருந்தவர் ஒரு பட்டத்தைக் கேட்டுப் பெற்றார். வாப்பிச்சி மரிக்காரோ, ஜும்ஆ தினமான வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலை மூடப்படவேண்டும் என்பதை மட்டும் வேண்டினார். அவ்வேண்டுகோள் ஏற்கப்பட்டது.

இச்செய்தி செவிவழி வந்த மரபு. உரையாடல் இவ்வாறே நிகழ்ந்தது என அறுதியிட்டுக் கூறுதல் வரலாற்று நெறியாகாது. எனினும், நெடுங்காலம் கொழும்பு நூதனசாலை வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டிருந்தது என்பது ஐயத்திற்கு இடமற்ற உண்மை. இந்நூற்றாண்டின் தொடக்கத்திலும் அவ்வழக்கம் நீடித்தது, பின்னர் மாறியது. பொதுமக்கள் எந்நாளும் கண்டு பயன்பெறும் வகையில் விடுமுறை நாள் மாற்றப்பட்டதை ஓர் இழப்பாக நாம் கருதவேண்டியதில்லை. தமக்கெனப் பட்டமோ பொருளோ கேளாத ஒரு மனிதர், தம் சமூகத்தின் வணக்க நாளுக்கு ஒரு பொது நிறுவனத்தின் மதிப்பைக் கேட்டார் என்று நம் முன்னோர் நினைவில் கொண்டனர். அந்நினைவே போற்றத்தக்கது. அம்மாளிகையில் நாம் விருந்தினர் அல்லர். அதனை எழுப்பியவருள் நம்மவரும் ஒருவர்.

மும்மொழிக் கல் கூறுவதும் கூறாததும்

நூதனசாலைக்கு வரும் பாடசாலை மாணவர் கண்டியரசரின் அரியணையைச் சூழ்ந்து நிற்பது வழமை. 1693ஆம் ஆண்டு ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அளித்து, பிற்காலத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1934இல் மீண்டுவந்த அரியணை அது. அதற்கு நிகரான கவனம் மும்மொழிக் கல்லுக்கும் உரியது.

மிங் பேரரசின் கடற்படைத் தலைவரான செங் ஹோ இக்கல்லை இலங்கைக்குக் கொண்டுவந்தார். அவர் சீனாவின் யுன்னான் பகுதியில் முஸ்லிம் குடும்பமொன்றிற் பிறந்தவர். அவர் தந்தை ஹாஜி என அழைக்கப்பட்டவர். கல்லிற் பொறிக்கப்பட்ட ஆண்டு 1409. சீன மொழிப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தெனவரை நாயனாருக்கும் காணிக்கைகளை அறிவிக்கின்றன. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைப் போற்றிக் காணிக்கைகளைக் கூறுகின்றது. அதன் எழுத்துகளே மிகுதியும் தேய்ந்துள்ளன. பொன் 1000, வெள்ளி 5000 எனத் தொடங்கிப் பட்டு, எண்ணெய், நறுமணப் பொருள் என அமைந்த காணிக்கைப் பட்டியல் ஏறத்தாழ ஒரே தன்மையது.

இக்கல்லிலிருந்து நாம் பெறும் முதற் செய்தி மொழி பற்றியது. முஸ்லிம்களை நோக்கிய பகுதி அரபியில் அன்றிப் பாரசீகத்தில் எழுதப்பட்டமை, அக்காலத்தில் இந்துமாக்கடல் வணிகரிடையே பாரசீகம் பெற்றிருந்த இடத்தைக் காட்டுகின்றது. இரண்டாவது செய்தி, பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தீவின் தென்கரையில் முஸ்லிம்கள் தனித்து விளித்துப் பேசப்பட வேண்டிய அளவுக்கு முக்கியமான ஒரு பிரிவினராய் இருந்தனர் என்பது.

சமய நல்லிணக்கத்தின் சின்னமாக இக்கல்லை எடுத்துக்காட்டுதல் இன்று வழக்கமாகிவிட்டது. அதில் உண்மை உண்டு, முழு உண்மையன்று. கல் பொறிக்கப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்குள், 1411இல், அதே செங் ஹோ இலங்கையில் அழகேஸ்வரனுடன் போரிட்டு அவனைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டு சென்றார். பேரரசர் பின்னர் அவனை விடுவித்தார். மூன்று சமயங்களுக்கும் காணிக்கை செலுத்தியது ஒரு பேரரசின் அரசியல் முறையும் ஆகும். நமக்கு உவப்பான பகுதியை மட்டும் வாசித்தல் கல்லைப் பாதி வாசித்தலாகும்.

புறக்கோட்டையில் ஒரு முற்பகல்

நூதனசாலையிலிருந்து புறக்கோட்டைக்குச் சென்றால் வரலாற்றின் வேறு அத்தியாயங்களைக் காணலாம். பிரின்ஸ் வீதியிலுள்ள ஒல்லாந்தர் கால நூதனசாலை, பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்த தேசாதிபதி தோமஸ் வான் ரீயின் இல்லமாக இருந்த கட்டடத்தில் அமைந்தது. மருத்துவமனையாகவும் அஞ்சலகமாகவும் பல நிலைகளைக் கடந்து 1982இல் அது நூதனசாலையாயிற்று. அங்குள்ள தளபாடங்களையும் நாணயங்களையும் கல்லறைக் கற்களையும் காண்போர், அவ்வாட்சியின்கீழ் நம் முன்னோர் வாழ்ந்த நிலையையும் நினைவுகூர்தல் தகும். போர்த்துக்கேயர் 1626இல் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களைக் கிழக்கிற் குடியேற்றி ஆதரவளித்தான். 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தரோ சோனகரை அந்நியராகக் கருதி ஊழியம் எனும் கட்டாய வேலையைச் சுமத்தினர்.

ஆயினும் அதே ஒல்லாந்தர் காலத்திலேயே முஸ்லிம்களின் விவாக, வாரிசுரிமை வழக்குகளுக்கென ஒரு சட்டத் தொகுப்பு உருவாயிற்று. 1770ஆம் ஆண்டளவில் தேசாதிபதி ஃபால்க் காலத்தில் படேவியாவிலிருந்து பெறப்பட்ட அத்தொகுப்பைக் கொழும்புச் சோனகத் தலைவர்கள் பார்வையிட்டு ஒப்பினர். 1806இல் பிரித்தானியர் வெளியிட்ட முகம்மதியச் சட்டக்கோவைக்கு அதுவே அடிப்படை. நமது தனியார் சட்டம் குறித்து இன்று நடைபெறும் விவாதங்களில் எப்பக்கம் நிற்போரும் அறிந்திருக்கவேண்டிய பின்னணி இது.

பிரின்ஸ் வீதியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், இரண்டாம் குறுக்குத் தெருவில், ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல் உள்ளது. சிவப்புப் பள்ளி எனவும் சம்மாங்கோட்டார் பள்ளி எனவும் மக்கள் வழங்குவர். தென்னிந்திய முஸ்லிம் வணிகரின் முயற்சியால் 1908இல் தொடங்கி 1909இல் நிறைவுற்ற இப்பள்ளிவாசலை வடிவமைத்தவர் ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை. முறையான கட்டடக்கலைப் பட்டம் பெறாதவர் அவர். சிவப்பும் வெண்மையும் மாறிமாறி வரும் செங்கல் வரிசைகளும், மாதுளங்கனியை ஒத்த குவிமாடங்களும் கடல்வழி வந்தோர்க்குத் துறைமுகத்தின் அடையாளமாய் விளங்கின. இன்று பல நாட்டவரும் பல சமயத்தவரும் இதனைக் காண வருகின்றனர். தமிழகக் கரையோர ஊர்களுக்கும் கொழும்புக்கும் இருந்த வணிக உறவின் கண்கண்ட சாட்சியாக இப்பள்ளிவாசல் நிற்கின்றது.

கோட்டைப் பகுதியில், சதாம் வீதியில், இலங்கை மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை உள்ளது. அதற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. நாணய வரலாற்றில் ஆர்வமுடையோர் லாரி எனும் வெள்ளி நாணயத்தைப் பற்றி அறிந்துகொள்ளல் வேண்டும். பாரசீகத்தின் லார் நகரின் பெயரால் வழங்கிய இது, மடித்த வெள்ளிக் கம்பி வடிவினது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் இலங்கையில் பெருவழக்காய் இருந்தது. இங்கு அதனைத் தூண்டில் முள் போல் வளைத்துச் செய்தனர். அரபெழுத்தைப் பார்த்துப் பொறித்த, பொருள்படாத கீறல்களும் அவற்றிற் காணப்படும். அரபெழுத்து இருந்தாலே பணம் செல்லும் எனும் நம்பிக்கை அங்காடியில் நிலவியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

கட்டணமே இல்லாத மற்றுமோர் இடம் காலிமுகத்திடல். தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் அமைத்த அதன் கடலோர நடைபாதை 1859இல் நிறைவெய்தியது. கொழும்பு வாழ் மாதர், சிறுவரின் நலனுக்காக அதனைத் தமக்குப் பின் வருவோரிடம் ஒப்படைப்பதாக அவர் அங்கே கல்லில் எழுதிவைத்தார். அக்கடலின் வழியே 1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, கொழும்பைச் செரந்தீபின் சிறந்த பெருநகர்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டுள்ளார். ஜாலஸ்தி எனும் கடற்றலைவன் ஐந்நூறு ஹபஷிகளுடன் அங்கிருந்ததையும் அவர் பதிந்துள்ளார்.

சான்றும் உரிமையும்

இவற்றையெல்லாம் அறிவதால் யாது பயன் என வினவலாம். 2014இல் அளுத்கமையிலும் 2018இல் திகனையிலும் நிகழ்ந்த வன்முறைகளின்போதும், 2019 ஏப்ரல் 21ஆம் நாளின் கொடிய தாக்குதல்களை அடுத்து எழுந்த பகைமையின்போதும், நாம் எங்கிருந்து எப்போது வந்தோம் எனும் கேள்வி உரத்து எழுப்பப்பட்டது. அதற்கு விடையாக ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் மீஸான் கல்லையும் 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டையும் காட்டினோர் உண்டு. அது வேண்டியதே. எனினும் குடிமக்களின் உரிமை தொன்மையை அளந்து வழங்கப்படுவதன்று. நேற்றுக் குடியுரிமை பெற்றவருக்கும் அவ்வுரிமை உண்டு. ஆதலால் இக்கற்களை வாதத்திற் பிறர்மேல் எறிவதற்காக நாம் தேடவேண்டியதில்லை. நம்மை நாம் அறிவதற்காகவும், அண்டை அயலாரோடு பகிர்ந்து வாழ்ந்த வரலாற்றை நம் பிள்ளைகள் அறிவதற்காகவும் தேடவேண்டும்.

இவ்விடயத்திற் பிறரை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. பதினெட்டாம் நூற்றாண்டில் மீஸான் கல்லை வாயிற்படியாக்கியவர் ஒல்லாந்தர். இன்று பள்ளிவாசல்களைப் புதுப்பிக்கும் ஆர்வத்தில் பழைய மீஸான் கற்களைச் சீமெந்துக்குள் புதைப்போரும், மரத்தூண்களையும் செதுக்கு வேலைகளையும் விற்றுவிடுவோரும், பாட்டனாரின் அரபுத்தமிழ் ஏடுகளைக் கறையானுக்கு விட்டுவிடுவோரும் நம்மவரே. 1885ஆம் ஆண்டு முதல் நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் நூதனசாலை நூலகத்திற் சேர்க்கப்படவேண்டும் எனும் சட்டம் வந்தது. சித்திலெப்பையின் அசன்பேயுடைய சரித்திரம் வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. அச்சில் வந்ததைக் காக்க அரசு சட்டம் செய்தது. அச்சேறாத கையெழுத்துப் பிரதிகளைக் காக்கும் கடமை அவற்றை வைத்திருக்கும் குடும்பங்களையே சாரும்.

எனவே நாம் முன்வைக்கும் வேண்டுகோள் எளியது. ஒவ்வொரு பாடசாலையும் மத்ரஸாவும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் மாணவரை நூதனசாலைக்கு அழைத்துச் செல்லட்டும். அரபியும் பாரசீகமும் அறிந்த ஆலிம்கள் உடன் சென்று, தேய்ந்த எழுத்துகளைக் காட்டி விளக்கட்டும். பள்ளிவாசல் நிருவாகிகள் புதுப்பிக்கும் பணியைத் தொடங்குமுன் பழைய கற்களைப் படம் எடுத்து, வாசகங்களைப் பிரதி செய்து வைக்கட்டும். ஏடுகளை வைத்திருப்போர் அவற்றைத் தேசிய சுவடிகள் திணைக்களத்தினரிடமோ பல்கலைக்கழக நூலகங்களிடமோ காட்டி ஆலோசனை பெறட்டும். இவற்றுள் எதற்கும் பெருநிதி தேவையில்லை. வாப்பிச்சி மரிக்கார் கட்டிய மாளிகையின் வாயில் இப்பொழுது வெள்ளிக்கிழமையிலும் திறந்தே இருக்கின்றது.