கத்தியின் வரலாறும் தசையின் வரலாறும்

சென்னையின் மேற்குப் புறநகரில் இதய மருத்துவத்தின் வரலாறு முகப்பேரைச் சுற்றியே சொல்லப்படுகிறது. அதன் வேர் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் இருக்கிறது. இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சையை டாக்டர் கே.எம். செரியன் 1975-இல் அங்கேதான் செய்தார். 1987-இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் இதய நோய் நிறுவனத்தை அவர் உருவாக்கினார். அது பின்னாளில் அம்பத்தூரை அடுத்த முகப்பேரில் நிலைகொண்டது. 2004-இல் அதே முகப்பேரில் ஃபிரான்டியர் லைஃப்லைன் மருத்துவமனை வந்தது. பெருமைக்குரிய வரலாறுதான். ஆனால் இதைக் கத்தியின் வரலாறாக மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். தசையின் வரலாறு அதில் விடுபட்டுப் போயிற்று.

அதே 1975-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஃபின் வாக்ஸ்டைன் குழுவினர், இதயத் தசை தளர்ந்த ஏழு பேருக்கு பீட்டா பிளாக்கர் கொடுத்து, அவர்கள் தேறியதைப் பதிவுசெய்தார்கள். ஓய்ந்துபோன இதயத்தை இன்னும் அடக்கும் மருந்தா என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் தயங்கியது. விடை செல்லுக்குள் இருந்தது. பெரியவர்களின் இதயத்தில் புதிய தசைச் செல் உருவாவது மிக அரிது. ஆண்டுக்கு ஒரு சதவீதம், வயதாக ஆக அதிலும் பாதி. செல் பழையதுதான், உள்ளிருக்கும் புரதங்களோ ஓயாமல் சிதைந்து மறுபடி கட்டப்படுகின்றன. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கால்சியத்தை அதன் சேமிப்பறைக்குத் திரும்ப இழுப்பது செர்கா என்ற புரதம். இதயம் செயலிழக்கும்போது அதன் வேலை குறைகிறது. கால்சியம் வெளியிலேயே தங்க, தசை முழுதாகத் தளர முடிவதில்லை. அடுத்த துடிப்புக்கான இருப்பும் குறைகிறது. அட்ரினலினோ விடாமல் விரட்டுகிறது. பீட்டா பிளாக்கரால் அந்த விரட்டலைத் தடுத்தால், மாதக்கணக்கில் பலருக்குத் தசை தன்னைச் சீர்ப்படுத்திக்கொள்கிறது.

அடைத்த ரத்தக் குழாயைத் திறக்காமல் தசையைப் பேசி என்ன பயன் என்று கேட்கலாம். நியாயம்தான், ரத்தம் வராத தசையை எந்த மாத்திரையும் காப்பாற்றாது. ஆனால் பைபாஸ் ரத்தத்துக்கு வழிதான் விடுகிறது. ஏற்கெனவே நலிந்த செல்லின் புரதக் கணக்கை அது நேர்செய்வதில்லை. குழாயில் அடைப்பே இல்லாமலும் இதயம் தளர்வதுண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணி, ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தின் தங்கராஜ் உள்ளிட்டோர் 2009-இல் காட்டியது இதைத்தான். தசை இழைகளைப் பிணைக்கும் மயோசின் பைண்டிங் புரதம் சி-யின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம், இந்தியத் துணைக்கண்டத்தவரில் ஏறத்தாழ 4 சதவீதம் பேரிடம் உண்டு. இளமையில் செல் அந்தப் பிழைப் புரதத்தை அழித்துவிடுகிறது, வயதானால் அந்தத் துப்புரவு தளர்கிறது என்றார்கள். அப்படியானால் இது தலையெழுத்தா? இல்லை. அதைச் சுமப்பவர்களில் மிகப் பலருக்கு நோய் வருவதே இல்லை. அதோடு சேர்ந்து சிலரிடம் மட்டும் காணப்படும் இன்னொரு மாற்றமே ஆபத்தின் பெரும்பங்குக்குக் காரணம் என்று 2020-இல் வெளியான மறு ஆய்வு சொன்னது.

ஆகவே ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இதயச் செயலிழப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மூச்சிரைப்பு குறைந்துவிட்டது என்று நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள். தேறிய இதயங்களிலும், மருந்தை நிறுத்தியதும் பல மீண்டும் தளர்ந்திருக்கின்றன.