வேண்டுதலும் விசுவாசமும்: காயல் கரையில் கிறிஸ்தவ நம்பிக்கை அன்றாட வழக்கமான வரலாறு

தமிழ் விவிலியத்தின் இரு பெயர்ப்புகளை அருகருகே வைத்துப் படிப்பவர் ஒரு சொல்லில் தடுக்கி நிற்பார். கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரம் என்றும் நிலைப்பவை என மூன்றைச் சொல்கிறது. சீர்திருத்தச் சபையார் கையாளும் பழைய பெயர்ப்பில் அவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் அவையே நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. ஒரு சாராருக்கு வரப்போகும் நன்மையைச் சுட்டும் 'நம்பிக்கை', இன்னொரு சாராருக்குக் கடவுளைப் பற்றிக்கொண்டிருக்கும் நிலையைச் சுட்டுகிறது. தொல்காப்பிய உரியியல் 'நம்பு' என்னும் உரிச்சொல்லுக்குத் தரும் பொருளோ நசை, அதாவது விருப்பம். விரும்புதல், பற்றுதல், எதிர்நோக்குதல் ஆகிய மூன்றையும் ஒரே வேர் தாங்குவதைச் சொல்லின் குழப்பம் என்று ஒதுக்கிவிடலாகாது. கிறிஸ்தவ நம்பிக்கை மனத்தில் எழுந்து அடங்கும் ஓர் உணர்ச்சி அன்று. நாள்தோறும் கையாளப்படும் வழக்கங்களால்தான் அது ஊன்றுகிறது, அவ்வழக்கங்கள் வழியேதான் புதுப்பிக்கப்படுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். தாமிரபரணி கடலில் கலக்கும் காயல் கரை இதற்குச் சான்று தருகிறது.

காயல்பட்டினம் இஸ்லாமியத் தமிழ் வரலாற்றின் பேரூர்களில் ஒன்று. அதன் நகராட்சி எல்லைக்குள்ளேயே கடலோரமாகக் கொம்புத்துறை என்னும் சிறிய பரதவர் ஊர் இருக்கிறது. கடையக்குடி என்றும் அதைச் சொல்வர். 1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் தூத்துக்குடியிலிருந்து உரோமைக்கு எழுதிய கடிதத்தில், வழியில் கிறிஸ்தவர் ஒருவரும் இல்லாத ஊர் ஒன்றில் நடந்ததை விவரிக்கிறார். அந்த ஊர் கொம்புத்துறையே என்று ஆய்வாளர் அடையாளம் காண்கின்றனர். மூன்று நாளாகப் பேறுகாலவலியில் துடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு அவர் போகிறார், மொழி தெரிந்தவர் துணையோடு விசுவாச அறிக்கையின் பொருளைச் சொல்கிறார், அவள் இசைந்தபின் திருமுழுக்குக் கொடுக்கிறார், பிள்ளை பிறக்கிறது. அன்று பிறந்த குழந்தை உட்பட வீட்டார் அனைவரும் திருமுழுக்குப் பெறுகின்றனர். ஊர்ப் பெரியவர்களோ தங்கள் தலைவனின் அனுமதி இல்லாமல் இசைய முடியாது என்கிறார்கள். வரி வாங்க வந்திருந்த அதிகாரி தடையில்லை என்று சொன்ன பிறகே ஊர் முன்வருகிறது. திருமுழுக்கினால்தான் பேறு நடந்ததா என்பதை வரலாற்றாய்வு தீர்மானிக்க இயலாது. கடிதத்தை எழுதியவர் மறைபரப்புநர் என்பதையும் மறக்கலாகாது. ஆயினும் கடிதம் தன்னை அறியாமலே ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. புதிய சமயம் இவ்வூருக்குள் நுழைந்த வாசல் ஒரு பேற்றறை. மறுமையைப் பற்றிய கேள்வி எழுமுன், இன்று இவள் பிழைப்பாளா என்ற கேள்வி அங்கே நின்றது. அதிகாரத்துக்கு அஞ்சிய தயக்கமும் அதே வாசலில்தான் நின்றது.

வீட்டுக்குள் வந்த இந்நம்பிக்கை தங்குவதற்கு வழி என்ன? 1544 தொடக்கத்தில் எழுதிய நீண்ட கடிதத்தில் சவேரியார் தம் முறையை விளக்குகிறார். இருமொழியும் தெரிந்தவரைக் கூட்டி, பல நாள் உழைத்து, செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார்; கையில் மணியோடு தெருவில் நடந்து சிறுவரை நாளுக்கு இருமுறை கூட்டினார்; எழுதத் தெரிந்தவர் செபங்களைப் படியெடுக்கவும், மற்றவர் மனப்பாடம் செய்து நாள்தோறும் சொல்லவும் பணித்தார். நோயாளிகளின் வீடுகளுக்குச் சிறுவரையே செபம் சொல்ல அனுப்பினார். ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை அமர்த்தினார்; போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென இக்கரையிலிருந்து ஆண்டுதோறும் போய்க்கொண்டிருந்த 4,000 பணம் அவர்களுக்கான ஊதியமாகத் திருப்பப்பட்டது. அதே 1544இல் உடன்பணியாளர் மன்சிலாசுக்கு எழுதிய குறிப்பு ஒன்று இன்னும் கூர்மையானது. விசுவாச அறிக்கையைத் தமிழாக்கியபோது 'விசுவசிக்கிறேன்' என்னும் இடத்தில் 'வேணும்' என்ற சொல் புகுந்துவிட்டது. அதற்கு 'விரும்புகிறேன்' என்றுதான் பொருள், ஆகவே 'விசுவாசம்' என்று திருத்திச் சொல்லுங்கள் என்கிறார். இறையியல் நோக்கில் திருத்தம் சரியே. ஆனால் முதல் தமிழ்ப் பெயர்ப்பாளரின் காது முற்றிலும் பிழைபட்டதென்று சொல்ல முடியாது. கொம்புத்துறைப் பேற்றறையில் ஒலித்ததும் 'வேணும்' என்ற குரல்தான். வேண்டுதல் விசுவாசமாக முதிர இடையில் ஒரு பயிற்சி தேவைப்பட்டது. மணியோசையும் மனப்பாடமும் அப்பயிற்சி. அதைத் தாளில் நிலைநிறுத்தியவர் சவேரியாருக்குப் பின் இக்கரையில் பணியாற்றிய மறைபரப்புநர் அன்றிக்கே அன்றிக்கசு. 1578இல் கொல்லத்தில் அச்சேறிய அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கமே கொண்ட செப நூல். வாழ்நாளின் பெரும்பகுதியைப் புன்னைக்காயலை மையமாகக் கொண்டு கழித்த அவர் அங்கே ஒரு மருத்துவமனையையும் நிறுவினார்.

இதற்கு முதல் மறுப்பு வரலாற்றாசிரியரிடமிருந்து வரும். பரதவர் 1535 முதல் 1537 வரை திரளாகத் திருமுழுக்குப் பெற்றது முத்துக்குளித்துறையில் போட்டியாளரிடமிருந்தும் ஆட்சியாளரிடமிருந்தும் போர்ச்சுகீசியப் பாதுகாப்பைப் பெறுவதற்காகவே. இதில் நம்பிக்கையைத் தேடுவது வீண் என்பர். தொடக்கத்தைப் பொறுத்தவரை இம்மறுப்பை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு செயலின் தொடக்கக் காரணமே அதன் முழுப் பொருளும் ஆகிவிடாது. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் விரட்டப்பட்டனர்; கோயில்கள் பறிபோயின. அந்த ஆண்டே வந்த டச்சுப் போதகர் பிலிப்பு பால்தேயுஸ் பரதவரைத் தம் சபைக்குத் திருப்ப முயன்று தோற்றார். பாதுகாப்பே குறிக்கோளாயின், புதிய காவலரின் சமயத்துக்கு மாறுவதே கணக்குக்குப் பொருந்தியிருக்கும். காவல் போன பின்னும் அவர்கள் மாறவில்லை. குருவும் கோயிலும் இல்லாத காலத்தில் எஞ்சியவை, ஒரு நூற்றாண்டாக வீட்டில் நாவுக்குப் பழகிய செபமும் ஊர்க்கட்டும்தான். வேறு எதற்கும் இல்லாத விளக்கமளிக்கும் வலிமை இங்கே அன்றாட வழக்கத்துக்கு இருக்கிறது.

இரண்டாம் மறுப்பு ஆற்றுக்குத் தெற்கே தேரிக்காட்டு ஊர்களிலிருந்து வருகிறது. 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது, மறைபரப்புநர் கால்டுவெல் பணியாற்றிய திருநெல்வேலிச் சீர்திருத்தச் சபைகளில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தனர். சோற்றுக்காகச் சேர்ந்தவர், 'அரிசிக் கிறிஸ்தவர்' என்ற ஏளனம் அன்றே எழுந்தது. பசித்தவன் சோறு தந்தவரை நம்புவது இழிவு என்று கருதுவதற்குப் பசியறியாத மனம் வேண்டும் என்பது ஒரு விடை. ஆனால் அதைவிட வலுவான விடை அரிசியிலேயே இருக்கிறது. இப்பகுதிச் சபைகளில் கைப்பிடி அரிசி என்றொரு வழக்கம் உண்டு. உலையிலிடுமுன், அளந்த அரிசியிலிருந்து வீட்டுப்பெண் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவாள். சேர்ந்தது கோயில் காணிக்கையாகும். பஞ்சம் தீர்ந்து கால் நூற்றாண்டில், 1903 பிப்ரவரியில், இதே திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தை நிறுவினர். இந்தியர் பணம், இந்தியர் ஆள்பலம், இந்தியர் நிர்வாகம் என்பது அதன் கொள்கை. நிஜாம் நாட்டின் தோர்ணக்கல் பகுதியில் தெலுங்கர் நடுவே அது பணி தொடங்கியது. சங்கத்தை உருவாக்கியவருள் முதன்மையானவரும் வெள்ளாளன்விளையில் பிறந்தவருமான வே. ச. அசரியா 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். அரிசி பெற்றவர்கள் என இகழப்பட்ட சமூகம் அரிசி கொடுக்கும் சமூகமாக மாறியது. நம்பிக்கை உண்மையானதா என்பதற்கு உரைகல் இதுவே: பெற்றவர் கை கொடுக்கும் கையாகிறதா? புதுப்பித்தல் என்ற சொல்லுக்கு இவ்வரலாற்றில் பெரும் தரிசனம் எதுவும் பொருளன்று. இல்லாமையின் நடுவிலும் நாளைக்கும் பிறருக்கும் ஒரு பிடி எடுத்து வைக்க முடியும் என்ற துணிவே பொருள்.

மூன்றாம் மறுப்பு கடுமையானது. வழக்கம்தான் நம்பிக்கையைத் தாங்குகிறது என்றால், கெட்ட வழக்கத்தையும் அதுவே தாங்குமல்லவா? தாங்கியது. வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்கக் கோயில், வேளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் பாராமல் வழிபடும்படி நடுவே பிரிக்கப்பட்டிருந்தது. தடுப்பு அகற்றப்பட்டது 1910இல்தான், அதற்குப் பிறகு இவ்விவகாரம் வழக்குமன்றமும் ஏறியது. சுவரின் இருபுறமும் ஒரே செபம், ஒரே அப்பம். வழக்கம் நம்பிக்கைக்கு உடல். ஆனால் உடல் நோயுறவும் கூடும். ஆகவே என் வாதத்துக்கு ஒரு வரம்பு வேண்டும்: வழக்கம் தன்னிலேயே புனிதமானதன்று, அது தாங்கும் வாக்குறுதியைக் கொண்டு தன்னைத்தானே சோதிக்க வேண்டும். கைப்பிடி அரிசி வீட்டு எல்லையைத் தாண்டுகிறது; வடக்கன்குளத்துச் சுவர் எல்லையைக் கோயிலுக்குள்ளேயே கொண்டுவந்தது. இரண்டையும் பிரித்தறிய வெளியிலிருந்து அளவுகோல் தேட வேண்டியதில்லை. இச்சமயம் சொல்லும் அன்பே அளவுகோல்.

கடைசியாக, இதில் கிறிஸ்தவத்துக்கே உரியது என்ன என்று காயல்பட்டினத்து வாசகர் கேட்பார். ஐவேளைத் தொழுகை நாளை அளக்கும் ஊர் அது. ஆண்டுக்கொருமுறை முப்பது நாள் புகாரி ஷரீஃப் ஓதிக் கேட்கும் ஊர். வழக்கத்தால் நம்பிக்கையைக் காப்பது அவர்களுக்குப் புதிதன்று; பிடியரிசி எடுத்து வைப்பதும் பிற தமிழரிடம் இல்லாததன்று. எனவே வழக்கம் என்னும் வடிவத்துக்கு எச்சமயமும் தனியுரிமை கோர முடியாது. தனித்தன்மை அதன் உள்ளீட்டில் இருக்கிறது: சிலுவையில் தோற்றவராகக் காணப்பட்டவரே உயிர்த்தெழுந்தார் என்னும் அறிக்கை. தோல்வியை மறைக்காமல் அதற்கு நடுவிலிருந்தே எதிர்நோக்கத் தொடங்குவதால், பேறுகாலவலியும் பஞ்சமும் பறிபோன கோயிலும் இந்நம்பிக்கைக்கு மறுப்புகளாக நிற்கவில்லை. அது வேரூன்றிய நிலமாயின.

எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபம் நம்பிக்கையை ஆன்மாவின் நங்கூரம் என்கிறது. கரையில் இருப்பவருக்கு நங்கூரம் அசையாமையின் அடையாளம். கடலுக்குப் போகிறவர் அறிவது வேறு: மீன்படும் இடத்தில் நங்கூரம் பாய்ச்சுவர், வேலை முடிந்ததும் இழுத்தெடுப்பர், மறுநாள் வேறிடத்தில் மறுபடி பாய்ச்சுவர். ஒருமுறை போட்டு அப்படியே விட்ட நங்கூரம் கடலுக்குப் போன நங்கூரம். கொற்கையையும் பழையகாயலையும் தூர்த்துத் துறைகளை இடம்பெயர வைத்த ஆற்றின் முகத்தில், 1542 முதல் இந்நம்பிக்கை நிலைத்தது இப்படித்தான். ஒவ்வொரு தலைமுறையும் அதை மீண்டும் இழுத்தெடுத்து, தன் அன்றைய கடலில் பாய்ச்சிக்கொண்டது.