புறவயவாதமும் அமெரிக்கப் பழமைவாதமும்

புறவயவாதம் என்பது எழுத்தாளர் அயின் ராண்ட் (1905–1982) வகுத்த அறநெறித் தத்துவம். கடவுளுக்கு அதில் இடமில்லை. பகுத்தறிவே அறிவுக்கு ஒரே வழி, தன்னலம் பேணுவதே அறம், தடையற்ற முதலாளித்துவமே அந்த அறத்துக்கு ஏற்ற சமூக அமைப்பு என்பவை அதன் அடிப்படைகள். கடைசிக் கூறை மட்டும் பார்த்து இதை அமெரிக்கப் பழமைவாதத்தின் கிளையாகக் கருதுவோர் பலர். இரண்டின் வரலாறும் அதற்கு இடம் தரவில்லை.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்த ராண்ட், போல்ஷ்விக்குகள் தம் தந்தையின் மருந்துக்கடையைப் பறிமுதல் செய்ததைச் சிறுவயதில் கண்டவர்; 1926இல் அமெரிக்கா சென்றார். பொதுவுடைமை எதிர்ப்பில் அவரும் பழமைவாதிகளும் ஒரே அணி. ஆயினும் அவருடைய 'அட்லஸ் ஷ்ரக்ட்' நாவல் வெளிவந்த 1957லேயே, வில்லியம் பக்லியின் பழமைவாத இதழான நேஷனல் ரிவ்யூவில் விட்டேகர் சேம்பர்ஸ் அதைக் கடுமையாகச் சாடினார். முன்பு சோவியத் உளவாளியாக இருந்து கிறித்தவத்துக்குத் திரும்பியவர் சேம்பர்ஸ். கடவுளை விலக்கி மனிதனை நடுவில் வைப்பதில் ராண்டுக்கும் மார்க்சுக்கும் வேறுபாடில்லை என்றார் அவர்.

பழமைவாதிகள் மீதான ராண்டின் விமர்சனம் 1960இல் பிரின்ஸ்டனில் அவர் ஆற்றிய உரையில் வந்தது. பழமைவாதிகள் முதலாளித்துவத்தை மூன்று தூண்களில் நிறுத்துகிறார்கள் என்றார்: சமய நம்பிக்கை, மரபு, மனிதனின் இழிவு. நம்பிக்கையை ஆதாரமாகக் காட்டினால், பகுத்தறிவு எதிரியின் பக்கம் இருப்பதாக ஒப்புக்கொண்டதாகிறது. மரபு என்றாலோ, அமெரிக்காவை நிறுவியவர்களே மரபை உடைத்தவர்கள். மனிதன் கெட்டவன், அவனிடம் சர்வாதிகாரத்தை ஒப்படைக்க முடியாது, ஆகவே சுதந்திரம் வேண்டும் என்ற மூன்றாவது வாதமே அவருக்கு மிகவும் சினமூட்டியது. சுதந்திரம் மனிதனின் தகுதியால் வரும் உரிமை. அவனுடைய கயமைக்குப் போடும் கடிவாளம் அன்று என்பது அவர் நிலை. பிறருக்காகத் தன்னை இழப்பதை அறமாக ஏற்காத அவர் தத்துவம் வறண்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரே கொள்கைக்கு வெவ்வேறு அடித்தளம் இருந்தால் இறுதியில் பாதையும் பிரியும் என்பதில் அவர் கணிப்பு சரியாகவே இருந்தது.

1964இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டரை ஆதரித்த அவர், 1976இல் அக்கட்சியின் வேட்பாளராக முயன்ற ரொனால்ட் ரீகனை எதிர்த்தார். கருக்கலைப்பு உரிமையை ரீகன் மறுத்ததே முதன்மைக் காரணம். கட்டாய ராணுவ சேவையையும் எதிர்த்தார். பிற்காலத்தில் பழமைவாதத்துடனான இந்த முரண் மறுபுறமிருந்தும் வெளிப்பட்டது. ராண்டால் ஊக்கம் பெற்றதாகச் சொல்லிவந்த குடியரசுக் கட்சியின் பால் ரையன், துணை அதிபர் வேட்பாளரான 2012இல், கத்தோலிக்கரான தமக்கு அவருடைய நாத்திகத் தத்துவம் ஏற்புடையதல்ல என்று அறிவித்தார்.