நவாப் வாங்கிய கடன், நம்ம ஊர் கட்டிய வட்டி

1/ கடலூர் முதுநகர் பக்கம் 1783 ஜூன்ல ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதி ஏராளமானோர் செத்தாங்க. வேடிக்கை என்னன்னா, ஐரோப்பாவில் அந்த ரெண்டு நாடும் ஜனவரி 20ஆம் தேதியே பூர்வாங்க சமாதானத்தில் கையெழுத்துப் போட்டாச்சு. கப்பல்ல சேதி வரத்தான் தாமதம்!

2/ சரி, இந்தப் போர்களால் காசு பார்த்தது யாரு?

3/ ஆற்காடு நவாப் முகமது அலி கம்பெனிப் படைக்குச் செலவு தரணும். கையில் பணமில்லை. கடன் கொடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க? அதே கம்பெனியின் சென்னை அதிகாரிகள். தனிப்பட்ட முறையில், கடும் வட்டிக்கு. அடமானம்: விவசாயி கட்டும் நிலவரி.

4/ அதுவும் பத்தலை. 1773ல் கம்பெனிப் படை தஞ்சாவூரைப் பிடிச்சு நவாப் கையில் கொடுத்தது. தஞ்சை விளைச்சல் மேலயும் கடன் எழுதினாங்க. வருஷம் சில நூறு பவுண்டு சம்பளக்காரரான பால் பென்ஃபீல்டு கேட்ட பாக்கி, 2 லட்சம் பவுண்டுக்கு மேல!

5/ தஞ்சையை ராஜாவிடமே திருப்பித் தந்த கவர்னர் பிகாட்டை 1776ல் அவருடைய சொந்தக் கவுன்சிலே கைது செய்தது. காவலிலேயே இறந்தார்.

6/ ஹைதர் அலிக்கு 1769ல் கொடுத்த வாக்கையும் கம்பெனி காப்பாத்தலை. 1780ல் அவர் படையோடு இறங்கினார். சிதம்பரம் கோயிலே கோட்டையாச்சு. 1781ல் பரங்கிப்பேட்டை சண்டை. ஊர்கள் எரிந்தன, பஞ்சம் வந்தது. பஞ்சத்தில் வெறும் பசியால் மட்டும் ஆள் சாகறதில்லை. பேதியும் காய்ச்சலும் சேர்ந்தே கொல்லும். சென்னைக்கு ஓடிவந்தவங்களுக்காக 1782ல் தொடங்கிய கஞ்சித் தொட்டிதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் வேர்.

7/ இதையெல்லாம் 1785 பிப்ரவரி 28ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் போட்டு உடைத்தார். கடன் உண்மையான்னு விசாரிக்காமலே, கர்நாடக வருவாயிலிருந்து வருஷம் 4,80,000 பவுண்டு கொடுக்கச் சொல்லியிருந்தது பிட் அரசு. ஏன்? கடன் கொடுத்தவர்கள் கையில் நாடாளுமன்ற சீட்டுகள் இருந்தன. அது அரசியல் பேரம்னு பர்க் குற்றம் சாட்டினார். பென்ஃபீல்டே எம்.பி.யாக இருந்தவர்தான்.

8/ பர்க் நடுநிலைவாதி இல்லை. அவர் சொந்தக்காரர் வில்லியம் பர்க், தஞ்சை ராஜாவின் ஏஜெண்டு. ஆனாலும் கேட்ட கேள்வி சரிதானே? தீர்மானம் தோத்துப்போச்சு.

9/ 1801ல் கர்நாடகத்தையே கம்பெனி எடுத்துக்கொண்டது. 1805ல் போட்ட கமிஷன், நவாப் பெயரில் வந்த மற்ற கடன்களைச் சோதித்து, பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தது. விசாரிக்காம கொடுத்த பழைய பணம்? அது போனது போனதுதான். கட்டினது நம்ம ஊர் உழவன்.

10/ அடுத்த முறை எங்கேயாவது போர்னு செய்தி வந்தா, யார் ஜெயிச்சான்னு மட்டும் பார்க்காதீங்க. யார் கடன் கொடுத்தான், யார் கட்டப்போறான்னும் பாருங்க.